நெருக்கடி நிலைக்குப் பின் ஐம்பது ஆண்டுகள்: சலிப்புற்ற வாக்காளரின் கேள்விகள்

"யார் வந்தாலும் நமக்கு ஒன்றுதான்." தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் முட்டம் கடற்கரையில் வலை பழுதுபார்க்கும் இடத்திலும், ஆலய முற்றத்திலும், தேநீர்க் கடையிலும் தவறாமல் காதில் விழும் சொல் இது. இதைச் சொல்பவர்கள் வாக்களிக்காமல் வீட்டில் இருப்பவர்கள் அல்லர். வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு, விரலில் மை காயும் முன்னரே இதைச் சொல்கிறார்கள். எனவே இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பல முறை நம்பிக்கை வைத்து, பல முறை ஏமாந்தவர்களின் சலிப்பு இது.

இந்தச் சலிப்பு எங்கிருந்து வந்தது? இது நியாயமானதுதானா? இதனால் யாருக்கு இலாபம்? இக்கேள்விகளை எழுப்ப இது ஏற்ற காலம். இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு 2025 ஜூன் 25 அன்று ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்தன. சுதந்திர இந்தியா சர்வாதிகாரத்தை நேருக்கு நேர் கண்ட காலம் அது. அதை வாக்குச்சீட்டால் வீழ்த்திய மக்கள் நாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வீழ்த்தியபின் என்ன நடந்தது என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை.

இருபத்தொரு மாதங்கள்

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. 13 நாள்களில், ஜூன் 25 இரவு, உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணம் காட்டி நெருக்கடி நிலை கொண்டுவரப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் விடியுமுன் கைது செய்யப்பட்டனர். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மிசா உள்ளிட்ட சட்டங்களின்கீழ் ஏறத்தாழ 1,10,000 பேர் சிறை வைக்கப்பட்டனர் என்பது பின்னர் அமைந்த ஷா ஆணையம் தந்த கணக்கு. 1976-77 நிதியாண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. வடமாநிலங்களில் இது பெரும்பாலும் கட்டாயத்தின் பேரில் நடந்தது.

1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. நெருக்கடி நிலையில் ஒருவரைச் சட்டவிரோதமாகச் சிறை வைத்தாலும் அவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். மறுத்து எழுதியவர் நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவரே. அதன் விலையாகத் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போயிற்று. அவர் பதவி விலகினார். கிறிஸ்தவத் தலைவர்களிலும் எதிர்க்குரல் எழுப்பியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கேரளத்தில் மார்த்தோமா திருச்சபையின் தலைவர் யுஹானோன் மார் தோமா துணிந்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. அப்போது நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பெருந்தலைவர் காமராஜர். மார்ஷல் நேசமணியின் மறைவால் 1969-இல் நடந்த இடைத்தேர்தலிலும், பின்னர் 1971-இலும் நம் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். நெருக்கடி நிலை அவரை மிகவும் வருத்தியது. அது நீங்குவதைக் காணாமலேயே 1975 அக்டோபர் 2 அன்று, நம் தொகுதியின் உறுப்பினராகவே அவர் காலமானார்.

தமிழகம் எப்படி வாக்களித்தது?

1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. அதுவரை ஓரளவு விலகியிருந்த மாநிலத்திலும் நெருக்கடி நிலையின் முழு வேகம் உணரப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டனர். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு அத்தாக்குதலின் பாதிப்பால் 1977 ஜனவரியில் உயிரிழந்தார். பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அச்சிறைக் கொடுமைகளை விசாரித்தது. கைதானவர்களின் பெயர்களை வெளியிடத் தடை இருந்ததால், அண்ணா நினைவு நாளில் அஞ்சலி செலுத்த "வர இயலாதோர்" பட்டியல் என்று முரசொலி அப்பெயர்களை வெளியிட்டது.

இத்தனைக்கும் பிறகு, 1977 மார்ச் தேர்தலில் தமிழகம் என்ன செய்தது? வடநாடு முழுவதும் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. பிரதமரே ரேபரேலியில் தோற்றார். தமிழகத்திலோ 39 தொகுதிகளில் 34-ஐ காங்கிரஸ், அ.இ.அ.தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சேர்ந்த அணி வென்றது. நெருக்கடி நிலையை ஆதரித்த அணி அது. நாகர்கோவில் தொகுதி அதற்கு மாறாக, காமராஜரின் கட்சியைச் சேர்ந்த குமரி அனந்தனைத் தேர்ந்தெடுத்தது.

நாம் சர்வாதிகாரத்தை எதிர்த்து வாக்களித்தோம் என்று குமரி மக்கள் பெருமை கொள்ளலாமா? ஓரளவு கொள்ளலாம். ஆனால் அந்த வாக்கில் காமராஜர் மீதான பாசம் எவ்வளவு, சர்வாதிகாரத்தின் மீதான வெறுப்பு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? மாநிலத்தின் மற்றப் பகுதிகளில் மக்கள் ஏன் மறுபக்கம் நின்றார்கள் என்பதும் புரியாத புதிரன்று. வடக்கே நடந்த கொடுமைகள் தணிக்கையால் இங்கு வந்துசேரவில்லை. அலுவலகங்கள் நேரத்தோடு திறந்தன, விலைவாசி கட்டுக்குள் இருந்தது என்ற பேச்சுதான் எங்கும் இருந்தது. தி.மு.க. ஆட்சியின் மீதான ஊழல் புகார்களும், எம்.ஜி.ஆர். மீதான ஈர்ப்பும் சேர்ந்துகொண்டன. அடுத்தவர் வீட்டுக் கதவு உடைபடும் ஓசை நமக்குக் கேட்காதவரை, ஒழுங்கு என்பது நமக்கு இனிக்கத்தான் செய்கிறது. சர்வாதிகாரத்தின் முதல் பாதுகாப்பு அதுதான்.

பகைவர் யார், நண்பர் யார்?

அடுத்த மூன்று ஆண்டுகளில் நடந்தவையே பாமர வாக்காளரின் நம்பிக்கையை முதலில் உடைத்தன. மக்களாட்சியை மீட்பதாகச் சொல்லி வந்த ஜனதா அரசு, 1977 ஏப்ரலில் ஒன்பது காங்கிரஸ் மாநில அரசுகளைக் கலைக்க நடவடிக்கை எடுத்தது. உட்பூசலால் 1979 ஜூலையில் தானும் கவிழ்ந்தது. 1980 ஜனவரித் தேர்தலில் நெருக்கடி நிலையின் கொடுமையை அனுபவித்த தி.மு.க., அதை அறிவித்த இந்திரா காந்தியோடு கூட்டணி அமைத்து 39-இல் 37 தொகுதிகளை வென்றது. நெருக்கடி நிலையை ஆதரித்த எம்.ஜி.ஆரின் அரசை அடுத்த மாதமே, 1980 பிப்ரவரியில், அதே இந்திரா காந்தியின் அரசு கலைத்தது. மக்கள் சில மாதங்களில் எம்.ஜி.ஆரையே மீண்டும் முதல்வராக்கினர். 1991 ஜனவரியில் தி.மு.க. அரசு இரண்டாம் முறை கலைக்கப்பட்டது.

சிறையில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே மேடையில் மாலை மாற்றிக்கொண்டபோது, தெருவில் கொடி பிடித்த தொண்டன் யாரிடம் கணக்குக் கேட்பான்? அரசியலில் மன்னிப்பு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் தவறு ஒப்புக்கொள்ளப்படாமல், பாதிக்கப்பட்டவரிடம் கேட்கப்படாமல், தொகுதிப் பங்கீட்டில் முடிந்துபோவதை மன்னிப்பு என்று சொல்ல முடியாது.

ஆள் மாறினார், கருவி மாறவில்லை

கூட்டணி மாற்றங்களைவிடப் பெரிய ஏமாற்றம் வேறொன்று உண்டு. நெருக்கடி நிலை நீங்கியது. அது பயன்படுத்திய கருவிகள் நீங்கவில்லை.

மிசா சட்டம் ஜனதா ஆட்சியில் நீக்கப்பட்டது. ஆனால் 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982-இல் தமிழகத்தில், நாம் குண்டர் சட்டம் என்று அழைக்கும் சட்டம் வந்தது. விசாரணையின்றி ஓராண்டுவரை ஒருவரைச் சிறை வைக்க அது வழி செய்கிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்கள், ரவுடிகள் மீது பாய்வதற்கென்று வந்த அச்சட்டம், ஆட்சிகள் மாற மாற விரிந்துகொண்டே போயிற்று. 2017-இல் மெரினாவில் ஈழத் தமிழர்களுக்கு நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீதும் பாய்ந்தது. உயர் நீதிமன்றம்தான் அதை நீக்கியது.

நாட்டளவில் 1985-இல் தடா, 2002-இல் பொடா. பொடாவின் கதை நமக்கு நல்ல பாடம். அச்சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது ம.தி.மு.க. அதை ஆதரித்தது. சில மாதங்களில், 2002 ஜூலையில், அக்கட்சியின் பொதுச்செயலாளர் வைகோவே அதே சட்டத்தில் கைதானார். ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். பிறருக்கென்று செய்யப்படும் விலங்கு எந்தக் கைக்கும் பொருந்தும். 2004-இல் பொடா நீக்கப்பட்டது. அதன் பல பிரிவுகள் ஊபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. 2008-லும் 2019-லும் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஒன்று காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில், மற்றொன்று பா.ஜ.க. ஆட்சியில்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி அச்சட்டத்தில்தான் 2020 அக்டோபர் 8 அன்று இராஞ்சியில் கைதானார். அப்போது அவருக்கு வயது 83. ஜார்க்கண்ட் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகவும், விசாரணையின்றிச் சிறையில் வாடும் அவர்களுடைய இளைஞர்களுக்காகவும் உழைத்தவர். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சு குழாயுள்ள குவளைக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. பிணை கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார். அவர்மீதான வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. 2024-இல் நடுவண் அரசு, ஜூன் 25-ஐ அரசியலமைப்புப் படுகொலை நாளாக ஆண்டுதோறும் கடைப்பிடிக்க வேண்டும் என அறிவித்தது. அந்நாளை நினைவுகூர்வது நல்லதே. ஆனால் நேற்றைய ஆட்சியாளரின் சிறையை மட்டும் நினைத்து, இன்றைய சிறையை மறக்கச் செய்யும் நினைவுநாளால் யாருக்குப் பயன்?

நம் கடற்கரையின் கணக்கு

டில்லியையும் சென்னையையும் விட்டுவிட்டு நம் மண்ணுக்கு வருவோம். ஓர் ஆட்சி மக்களை எப்படி மதிக்கிறது என்பதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தன் காவல்துறை மக்களைச் சுட்டபின் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதே அது.

1954 ஆகஸ்டு 11. குமரி தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடிய மக்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது பட்டம் தாணுபிள்ளை தலைமையிலான பிரஜா சோசலிஸ்டு அரசு. அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர் ராம் மனோகர் லோகியா. மக்களைச் சுட்ட அரசு தன் கட்சி அரசாகவே இருந்தாலும் பதவி விலக வேண்டும் என்று அவர் கோரினார். அரசு விலகவில்லை, கட்சிதான் உடைந்தது. ஆனாலும் சொந்தக் கட்சியின் ஆட்சியைப் பார்த்து அப்படிக் கேட்க ஒரு தலைவர் அன்று இருந்தார். நம் மாவட்ட மக்களின் இரத்தத்துக்காகக் கேட்டார்.

1982 மார்ச் 1. மண்டைக்காட்டில் கோயில் திருவிழாவின்போது எழுந்த மோதலில் காவல்துறை சுட்டதில் மீனவர்கள் ஆறு பேர் இறந்தனர். அடுத்து வந்த நாள்களில் கலவரம் கடலோர ஊர்களிலும் உள்ளூர்களிலும் பரவி, இரு சமயத்தாரும் உயிரையும் வீட்டையும் படகையும் இழந்தனர். குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து அமைதிக்காக உழைத்ததை நம் மூத்தோர் இன்றும் நன்றியோடு சொல்வர். நீதிபதி வேணுகோபால் ஆணையம் அமைந்தது, அறிக்கையும் வந்தது. ஆனால் 1982-க்குப் பின் நம் மாவட்ட அரசியலே மாறிப்போனது. அதற்கு முந்தைய ஆண்டுதான், இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் காதலிக்கும் 'அலைகள் ஓய்வதில்லை' படம் நம் முட்டம் பாறைகளில் படமாகி, தமிழகமே அதைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டிலிருந்து, வேட்பாளர் பெயரைக் கேட்டதும் அவர் என்ன மதம், என்ன சாதி என்று பார்ப்பதே நம் அரசியல் அறிவாகிவிட்டது.

2012 செப்டம்பர் 10. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் மாதக்கணக்கில் அறவழியில் போராடிய மக்கள் மீது தடியடியும் கண்ணீர்ப் புகையும் ஏவப்பட்டன. மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போடப்பட்டது. வெள்ளையர் திலகரையும் வ.உ.சி.யையும் தண்டிக்கப் பயன்படுத்திய பிரிவு அது. டில்லியில் ஒரு கட்சி, சென்னையில் அதன் எதிர்க்கட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின.

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் இறுதி அறிக்கை தந்து, காவல்துறையினர் பலர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. ஆட்சி மாறியிருந்தது, அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆனாலும் சுட்டவர்களுக்கும் சுடச் சொன்னவர்களுக்கும் தண்டனை கிடைப்பதைக் காணாமலேயே அக்குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

நான்கு நிகழ்வுகள், நான்கும் வெவ்வேறு முதல்வர்களின் ஆட்சியில், வெவ்வேறு காலத்தில். 1954-இல் எழுந்த கேள்வி பின்னர் ஆளுங்கட்சிக்குள்ளிருந்து ஒருமுறைகூட எழவில்லை. ஆணையம் அமைப்பது, நிவாரணம் தருவது, மறப்பது என்று ஒரு வழக்கம் மட்டும் உருவாகிவிட்டது. 2017 ஒக்கிப் புயலில் கடலில் தத்தளித்தவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறையில் தண்டவாளத்தில் அமர வேண்டியிருந்தது. ஆட்சியாளர் தானாக வரமாட்டார், மறித்தால்தான் வருவார் என்பது நம் மக்கள் பட்டறிவால் கற்ற அரசியல் பாடம்.

இவ்வளவையும் கண்டவர், "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்றால் அவரைக் குறைசொல்ல நம்மால் முடியவில்லை.

பிலிப்பைன்ஸ் சொல்லும் பாடம்

இந்தச் சலிப்பு நமக்கு மட்டும் உரியதன்று. ஆசியாவில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். அங்கிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்நாடு அந்நியமானதன்று.

அதிபர் பெர்டினாண்ட் மார்க்கோஸ் 1972 செப்டம்பரில், நம் நெருக்கடி நிலைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ 1983-இல் மணிலா விமான நிலையத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1986 பிப்ரவரியில் கர்தினால் ஜெய்ம் சின் வேரித்தாஸ் வானொலி வழியாக விடுத்த அழைப்பை ஏற்று இலட்சக்கணக்கானோர் எட்சா சாலையில் திரண்டனர். அருள்சகோதரிகள் செபமாலையுடன் பீரங்கி வண்டிகளுக்கு முன் மண்டியிட்டனர். நான்கே நாளில் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார்; அக்கினோவின் மனைவி கொரசோன் அதிபரானார். உலகமே வியந்தது.

பிறகு? நிலவுடைமைக் குடும்பங்களின் பிடி தளரவில்லை. 1987-இல் எழுதிய அரசியலமைப்பு, அரசியல் வாரிசு ஆட்சியைச் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்றது. அச்சட்டத்தை இயற்ற வேண்டியவர்கள் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே. 2022 தேர்தல்வரை அச்சட்டம் வரவில்லை. 2016-இல் ரோட்ரிகோ டுட்டெர்டே அதிபரானார். போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டே மார்க்கோசின் உடல் மாவீரர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022-இல் மார்க்கோசின் மகன் 3 கோடியே 10 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளுடன் அதிபரானார். டுட்டெர்டேயின் மகள் துணை அதிபரானார். குருக்களும் துறவியரும் பலர் வெளிப்படையாக ஆதரித்த லெனி ரோப்ரெடோவுக்கு அதில் பாதி வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. 1986-இல் திருச்சபையின் ஒரு குரலுக்குத் தெருவில் திரண்ட நாட்டில், 2022-இல் அக்குரல் எடுபடவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கொடுங்கோலரை அகற்றுவது நான்கு நாள் வேலையாக இருக்கலாம். கொடுங்கோன்மை வளர்ந்த மண்ணைத் திருத்துவது தலைமுறை வேலை. அதைச் செய்யாமல் விட்டால், சலிப்படைந்த மக்கள் பழைய பெயரையே புதிய நம்பிக்கையாக ஏற்றுக்கொள்வர். இரண்டாவது, தேர்தல் நேரத்தில் மட்டும் ஆலயத்திலிருந்து வரும் வழிகாட்டுதல் நீண்டநாள் செல்லாது. ஆண்டு முழுவதும் மக்களோடு அமர்ந்து சட்டமும் வரலாறும் உரிமையும் கற்பிக்காத இடத்தில், கடைசி ஞாயிறு அறிவிப்பு ஒன்றும் செய்யாது.

சலிப்பினால் யாருக்கு இலாபம்?

கசப்பு நியாயமானது என்பதால் அது சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. எதுவுமே மாறவில்லை என்பது சரியன்று. 1978-இல் வந்த 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தை நீக்கி, ஆயுதமேந்திய கிளர்ச்சி இருந்தால்தான் நாட்டுக்குள்ளிருந்து எழும் காரணத்துக்காக நெருக்கடி நிலை கொண்டுவர முடியும் என்றாக்கியது. எந்நிலையிலும் உயிர்வாழும் உரிமையைப் பறிக்க முடியாது என்றது. 1994-இல் பொம்மை வழக்குத் தீர்ப்பு, மாநில அரசுகளை நினைத்தபடி கலைப்பதற்குக் கடிவாளமிட்டது. அதன்பின் தமிழகத்தில் ஓர் அரசுகூட அப்படிக் கலைக்கப்படவில்லை. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தன் 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாக அறிவித்தது. நீதிபதி கன்னாவின் தனிக்குரல் 41 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று. நம் கடற்கரையிலேயே, 2016-இல் நடுவண் அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்த இனயம் சரக்குப் பெட்டகத் துறைமுகத் திட்டம், மக்களின் எதிர்ப்பால் அங்கே வராமல் போயிற்று. இவற்றில் எதுவும் சலித்துப்போய் வீட்டில் இருந்தவர்களால் கிடைத்ததன்று.

சலிப்பின் மறுபக்கம் வாக்கு வணிகம். யார் வந்தாலும் ஒன்றுதான் என்றானபின், தருகிறவரிடம் வாங்கினால் என்ன என்பது அடுத்த படி. தமிழகத்தில் பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. விற்ற பொருளின் மீது விற்றவருக்கு உரிமை இல்லை. பணம் கொடுத்து வாக்கு வாங்கியவர் நம்மை வாக்காளராகப் பார்ப்பதில்லை; கணக்குத் தீர்த்த வாடிக்கையாளராகவே பார்க்கிறார். தூண்டில் வளைவு வேண்டும், கடலரிப்புக்குத் தடுப்பு வேண்டும் என்று பிறகு நாம் போய் நிற்கும்போது அவர் முகத்தில் தெரியும் எரிச்சலின் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். நெருக்கடி நிலையில் நாடாளுமன்றத் தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. அதைச் சர்வாதிகாரம் என்கிறோம். தமிழகத்தில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் உடனே தேர்தல் நடத்தப்படவில்லை. ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. இரு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் இது நடந்தது. நம் தெருவிளக்கையும் குடிநீரையும் முடிவு செய்யும் மன்றம் ஆண்டுக்கணக்கில் இல்லாமல் இருந்தபோது, நாம் எத்தனை பேர் கேள்வி கேட்டோம்?

என்ன செய்யலாம்?

நீதித்தலைவர்கள் நூலின் 9-ஆம் அதிகாரத்தில் மரங்கள் தங்களுக்கு அரசரைத் தேடிய கதை வருகிறது. ஒலிவமும் அத்தியும் திராட்சையும் தங்கள் கனியை விட்டு வர மறுக்கின்றன. கடைசியில் முட்புதர் சம்மதிக்கிறது. தன் நிழலில் அடைக்கலம் புக வராவிட்டால் எரித்துவிடுவேன் என்று மிரட்டவும் செய்கிறது. கனி தரும் மரங்கள் ஒதுங்கிய இடத்துக்குத்தான் முள் வருகிறது. நம் ஊர்களில் நேர்மையும் படிப்பும் உழைப்பும் உள்ளவர்கள், "அரசியல் நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்குவதை நாம் நற்பண்பாகக் கருதுகிறோம். அது நற்பண்புதானா என்று மீண்டும் சிந்திப்போம்.

பெரிய புரட்சிகளை யாரும் நம்மிடம் கேட்கவில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பவற்றைச் செய்யலாம். கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்நாள்களில் ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் ஐந்து பேர் போனாலே தீர்மானப் புத்தகத்தின் முகம் மாறிவிடும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி எங்கே செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு, பதிலை ஊர் அறிய ஒட்டி வைக்கலாம். வேட்பாளர் ஊருக்கு வரும்போது மாலைக்கு முன் கேள்வி வைக்கலாம்: விசாரணையற்ற சிறைச் சட்டங்களைப் பற்றி உங்கள் நிலை என்ன? உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவீர்களா? உங்கள் கட்சி ஆட்சியில் காவல்துறை மக்களைச் சுட்டால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வியைக் கிறிஸ்தவ வேட்பாளரிடமும் இந்து வேட்பாளரிடமும், நாம் விரும்பும் கட்சியிடமும் விரும்பாத கட்சியிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டும். பக்கத்து ஊர் இந்துச் சகோதரருக்கும் அதே சாலை, அதே கடலரிப்பு, அதே காவல் நிலையம்தான். அவரும் நாமும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பிரிந்து நின்று கேட்டால், ஒருவரைக் காட்டி மற்றவரை ஏமாற்றுவது எளிது. 1982-க்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் மாவட்டத்தில் நடந்துவருவது இதுதான்.

1999 முதல் 2019 வரை நம் நாடாளுமன்றத் தொகுதியில் ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் வென்ற கட்சி மாறியது: பா.ஜ.க., மார்க்சிஸ்டு, தி.மு.க., மீண்டும் பா.ஜ.க., பின்னர் காங்கிரஸ். இருபது ஆண்டுகளில் ஆளை மாற்ற நமக்குத் தெரியும் என்று காட்டிவிட்டோம். வாக்களித்த மறுநாளும் நாம் குடிமக்களாக இருந்து கணக்குக் கேட்கிறோமா என்பதே இனி நம்முன் உள்ள கேள்வி. அதைச் செய்யத் தொடங்கும் நாளில், "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்ற சொல்லுக்கு வேறு பொருள் வரும்: யார் வந்தாலும் இந்த ஊரில் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.